வெறுங்காலின் கணக்கு: கிளாஸ்கோவில் ஆடிய முகமது சலீம்

அப்புத்தளையில் மூடுபனி விலகுவதற்கு நேரம் காலம் கிடையாது. எங்கள் பாடசாலை மைதானத்தில் ஒரு பக்கத்துக் கோல் கம்பம் தெரியும்போது மறுபக்கம் தெரியாது. மைதானம் என்பதும் ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். தேயிலை மலையின் ஓரத்தை வெட்டி, ஓரளவு சமப்படுத்திய ஒரு துண்டு நிலம் அது. பந்து எல்லையைத் தாண்டினால் கீழ் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் அம்மாமார்தான் எடுத்து மேலே எறிய வேண்டும். அந்த நிலத்தில்தான் நான் 20 வருடங்களுக்கு மேலாக உதைபந்தாட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். என் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் வெறுங்காலோடுதான் ஆடுகிறார்கள்.

சென்ற மாதம் தரம் 9 மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். சப்பாத்து இல்லாதவர்கள் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரர்களாக ஆக முடியுமா, அல்லது நான் அவர்களை உற்சாகப்படுத்துவதற்காக அப்படிச் சொல்கிறேனா என்று. உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய வயதில் நானும் வெறுங்காலோடு ஒரு வலய மட்டப் போட்டிக்குப் போய், சப்பாத்து இல்லை என்ற காரணத்தால் கோட்டுக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டவன். அன்று எங்கள் அணி தோற்றது. நான் ஆடியிருந்தால் வென்றிருக்கும் என்று சொல்லவரவில்லை. ஆடாமலே தோற்றது இன்றுவரை ஆறவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைக்குப் பதிலாக நான் சொன்னது ஒரு மனிதரின் கதை. அவர் பெயர் முகமது சலீம். ஐரோப்பியக் கழகம் ஒன்றுக்காக ஆடிய முதல் தெற்காசியர் என்று பொதுவாகக் கருதப்படுபவர். 1936ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், செல்டிக் கழகத்தின் சீருடையில், காலில் சப்பாத்து இல்லாமல், துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆடியவர். அந்த நாட்களில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. செல்டிக்கின் பழம்பெரும் வீரரும் அப்போதைய பயிற்றுவிப்பாளருமான ஜிம்மி மக்மெனமி, சலீமின் பாதத்தில் கட்டுப் போடுகிறார். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஒரு இந்தியரின் காலைத் தொட்டுக் கட்டுப்போடும் அந்தப் படத்தை என் கைபேசியில் வைத்திருக்கிறேன்.

சலீம் 1904இல் கல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியில் பிறந்தார். ஹூக்ளி ஆற்றங்கரையில் துறைமுகத்தை ஒட்டிய, உழைக்கும் மக்களின் பகுதி அது. வசதியான குடும்பமல்ல. மருந்துக் கலவைத் தொழில் படித்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் மனம் இருந்தது மைதானத்தில்.

அவருக்கு 7 வயதாகும்போது கல்கத்தாவில் ஒரு பெரும் நிகழ்வு நடந்தது. 1911 ஜூலை 29 அன்று ஐஎஃப்ஏ கேடயத்தின் இறுதி ஆட்டத்தில், ஈஸ்ட் யோர்க்ஷயர் படைப்பிரிவின் அணியை மோகன் பகான் 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. வென்ற 11 பேரில் ஒருவர் மாத்திரமே சப்பாத்து அணிந்திருந்தார். மற்ற 10 பேரும் வெறுங்காலோடு, இராணுவச் சப்பாத்துகளுக்கு எதிரே நின்றார்கள். ஆளப்படுகிறவன் ஆளுகிறவனை ஒரு மைதானத்திலாவது வெல்லலாம் என்பதை வங்காளத்துச் சிறுவர்கள் அன்று கண்டுகொண்டார்கள். அந்தத் தலைமுறைச் சிறுவர்களில் ஒருவர் சலீம்.

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, உதை என்றால் என்னவென்று சொல்லவேண்டும். அது தெரியாமல் சலீமின் காலைப் புரிந்துகொள்ள முடியாது.

புதிதாக ஆட வரும் பிள்ளை காலால் மட்டுமே உதைக்கும். நேராகப் பந்தை நோக்கி ஓடிவரும். பந்துக்குப் பின்னால் எங்கோ ஒரு காலை ஊன்றும். மற்றக் காலைத் தொடை முதல் பாதம் வரை ஒரே விறகுக்கட்டையாக வீசும். பெருவிரல் நுனி பந்தில் படும், பந்து எங்கோ போகும், பிள்ளை விரலைப் பிடித்துக்கொண்டு நொண்டும்.

தேர்ந்த ஆட்டக்காரன் முழு உடம்பாலும் உதைக்கிறான். அவன் பந்துக்குச் சாய்வாக ஓடிவருகிறான். கடைசி எட்டு நீளமானது. ஊன்றும் கால் பந்தின் பக்கத்தில் விழுகிறது. உதைக்கும் காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கை விரிந்து பின்னால் போகிறது. இடுப்பு திரும்பி, விரிந்த கையிலிருந்து பின்னே மடிந்த பாதம் வரை உடம்பு நாணேற்றிய வில்லைப்போல வளைகிறது. பிறகு வில் விடுபடுகிறது. முதலில் இடுப்பு முன்னால் வருகிறது. அடுத்துத் தொடை. தொடை வேகம் குறையும் கட்டத்தில் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி சாட்டையின் நுனிபோலச் சுழன்று வருகிறது. ஒவ்வொரு மூட்டும் தன் வேகத்தை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டு ஓய்கிறது. கடைசியாக வருவது பாதம். அது கீழ்நோக்கி நீட்டி விறைத்திருக்கவேண்டும். கணுக்கால் தளர்ந்திருந்தால் அத்தனை உறுப்பும் சேர்த்த வேகம் அங்கேயே வீணாகிவிடும்.

பாதமும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்குதான். அந்த இமைப்பொழுதில் இரண்டும் ஒரு சாண் தூரம் ஒன்றாகவே போகின்றன. பிறகு 410 முதல் 450 கிராம் வரை எடையுள்ள பந்து, பாதத்தின் வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில் பறக்கிறது. தேர்ந்த ஆண் வீரர் ஒருவரின் முழு உதையில் பந்து மணிக்கு 90 முதல் 110 கிலோமீற்றர் வேகத்தைத் தொடும். என் பத்து வயதுப் பிள்ளைகள் அதில் பாதியை எட்டினால் நான் கைதட்டுவேன். இந்த வித்தியாசத்துக்குத் தசைப் பலம் ஒரு காரணம். எந்த உறுப்பு எப்போது முந்தவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்ற ஒழுங்கு இன்னொரு காரணம். அந்த ஒழுங்கு பிறப்பில் வருவதல்ல. பல ஆயிரம் தடவை உதைத்து உடம்புக்குள் போவது.

சலீம் அப்படி உதைத்துப் பழகிய இடங்கள் கல்கத்தாவின் சிறு கழகங்கள். 1920களின் நடுப்பகுதியிலிருந்து ஒரு கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி ஆடினார். வலது ஓரத்தில் ஆடுவது அவருடைய இடம். கோல் அடிப்பதைவிட, ஓரத்திலிருந்து நடுவே நிற்பவனின் காலுக்கோ தலைக்கோ பந்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதில் அவருக்குப் பெயர் இருந்தது. அதற்கு முழு உதை போதாது. பாதத்தின் உட்புறம், வெளிப்புறம், விரல்கள் என்று ஒவ்வொரு பரப்பும் தனித்தனியாகப் பேசவேண்டும்.

1934இல் அவர் ஆடிய மொஹமடன் ஸ்போர்டிங் கழகம் முதல் பிரிவுக்கு வந்த முதல் பருவத்திலேயே கல்கத்தா லீக்கை வென்றது. 1898இல் தொடங்கிய அந்த லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுதான். அதோடு நிற்கவில்லை. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. அந்தக் கழகத்தின் வெற்றிக்கு ஒரு காரணமாக வரலாற்று ஆசிரியர்கள் சொல்வது கவனிக்க வேண்டியது. மழைக்காலச் சேற்றில் வெறுங்கால் வழுக்கும் என்பதை உணர்ந்து, அந்த அணியில் சிலர் சப்பாத்தணிந்து ஆடப் பழகினார்கள். ஆக, வெறுங்காலின் பெருமையைப் பேசிய அதே காலத்தில், அதன் குறையும் கல்கத்தாவுக்குத் தெரிந்தே இருந்தது. சலீம் மட்டும் தன் காலை மாற்றிக்கொள்ளவில்லை.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் சீன அணி இந்தியாவில் சில ஆட்டங்கள் ஆடியது. கல்கத்தாவில் அந்த அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் சலீம் ஆடினார். அடுத்த ஆட்டத்துக்கு ஆளைக் காணவில்லை. கிளாஸ்கோவில் வாழ்ந்துவந்த ஹஷீம் என்ற உறவினர், ஐரோப்பாவில் ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்று அவரைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறியிருந்தார்.

கிளாஸ்கோ என்ற பெயர் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1848இல் அந்த நகரத்தில் பிறந்த தோமஸ் லிப்டன்தான் 1890இல் இங்கு வந்து தம்பத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். அவர் உட்கார்ந்து மலைகளைப் பார்த்த இடத்துக்கு இன்றும் சுற்றுலாப் பயணிகள் விடியற்காலையிலேயே ஓட்டோவில் போகிறார்கள். லிப்டனுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் பெயரிலான கிண்ணத்துக்காக 1909இலும் 1911இலும் இத்தாலியின் டியூரின் நகரில் சர்வதேசப் போட்டி நடந்தது. இரண்டு முறையும் வென்றது, வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியிலிருந்து போன வெஸ்ட் ஓக்லண்ட் என்ற சிறு அணி. சுரங்கத் தொழிலாளர்கள் வென்ற அந்தக் கிண்ணத்தின் பின்னால் இருந்த செல்வத்தில், எங்கள் மலைகளில் கொழுந்து பறித்தவர்களின் உழைப்பும் இருந்தது. கிளாஸ்கோவிலிருந்து ஒருவர் கப்பலேறி வந்து எங்கள் மலையை வாங்கினார். கல்கத்தாவிலிருந்து ஒருவர் வெறுங்காலோடு கப்பலேறி கிளாஸ்கோவுக்குப் போனார். பிள்ளைகளிடம் நான் இந்த இரண்டு பயணங்களையும் சேர்த்தே சொல்வேன்.

கிளாஸ்கோவில் ஹஷீம் நேராகச் செல்டிக் மைதானத்துக்குப் போனார். 1897 முதல் அந்தக் கழகத்தின் முகாமையாளராக இருந்தவர் வில்லி மேலி. இந்தியாவிலிருந்து சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், ஆனால் அவர் சப்பாத்து அணியமாட்டார், பரீட்சித்துப் பார்ப்பீர்களா என்று ஹஷீம் கேட்டாராம். மேலிக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும். ஆனாலும் சம்மதித்தார். கழக உறுப்பினர்கள் ஆயிரம் பேரும் மூன்று பயிற்றுவிப்பாளர்களும் பார்த்திருக்க, சலீம் தன் வித்தைகளைச் செய்து காட்டினார். பார்த்தவர்கள் அவரை அணியில் சேர்த்தார்கள்.

1936 ஆகஸ்டில் செல்டிக்கின் இரண்டாம் நிலை அணிக்காக அவர் இரண்டு ஆட்டங்கள் ஆடினார். ஹமில்டன் அணியைச் செல்டிக் 5-1 என்றும், கால்ஸ்டன் அணியை 7-1 என்றும் வென்றது. அந்த 7 கோல்களில் 3 சலீமின் காலிலிருந்து புறப்பட்ட பந்துகளால் வந்தவை. கனமான தோல் சப்பாத்துகளுக்கு நடுவே கட்டுப்போட்ட இரண்டு பாதங்கள் பந்தை விரலுக்கு விரல் உருட்டி, எதிராளியைச் சுற்றிக்கொண்டு, நடுவே தட்டிவிடுவதைப் பார்த்துக் கிளாஸ்கோ வாய்பிளந்தது. ஒரு பெரிய பத்திரிகை அவரை இந்தியச் செப்படி வித்தைக்காரர் என்று தலைப்பிட்டுக் கொண்டாடியது.

அந்தப் பாராட்டு எனக்கு எப்போதும் சிறிது உறுத்தும். அது அன்போடு எழுதப்பட்டதுதான். ஆனால் 10 ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துப் பெற்ற ஒரு திறமையை, கிழக்கிலிருந்து வந்தவன் என்பதால் மாயாஜாலம் ஆக்கிவிடுகிறது. மலையகத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். எங்கள் பெண்களின் விரல்கள் இயற்கையிலேயே கொழுந்து பறிக்க ஏற்றவை என்று எவ்வளவு காலமாகச் சொல்லப்பட்டுவருகிறது! இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்து, முற்றியதை விட்டு, சரிவில் கால் ஊன்றி, கூடையின் பாரத்தைத் தலையில் தாங்கிக்கொண்டு பறிப்பது வருடக்கணக்கில் கற்றுக்கொள்ளும் தொழில். அதை இயற்கை என்று சொல்லிவிட்டால் திறமைக்குரிய கூலி கொடுக்கவேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகள் நன்றாக ஆடினாலும், மலை ஏறி இறங்கும் கால் அல்லவா என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை விடியற்காலையில் பனியில் நின்று உதைத்த ஆயிரம் உதைகள் அந்த ஒரு வசனத்தில் காணாமல் போய்விடுகின்றன.

சலீமின் காலில் மாயம் ஏதும் இல்லை. கணக்குத்தான் இருந்தது. அந்தக் காலத்துச் சப்பாத்து கணுக்காலை மூடும் தடித்த தோலால் ஆனது. முன்னால் விறைப்பான விரல் மூடி. மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும். சாட்டையின் நுனியில் கல்லைக் கட்டினால் சாட்டை மெதுவாகத்தான் சுழலும். வெறுங்கால் இலேசானது. கணுக்காலைக் கட்டிப்போட எதுவும் இல்லாததால் பாதம் முழுமையாகக் கீழ்நோக்கி நீள்கிறது. பந்தில் படுவது விரல் நுனியல்ல, புறங்கால் எலும்பு. இந்த நூற்றாண்டில் ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்தபோது, வலியைப் பொறுத்துக்கொண்டு முழு வேகத்தில் உதைக்கக்கூடியவர்களின் வெறுங்கால் உதை, சப்பாத்துக்கால் உதையைவிடச் சற்று வேகமாகவே இருந்தது. பந்து எங்கே தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதைத் தோல் நேரடியாகச் சொல்வது இன்னொரு நன்மை. ஓரத்தில் ஆடுபவனுக்கு அது பெரும் செல்வம்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை. உதைக்கும் கால் ஒன்றென்றால் ஊன்றும் கால் மற்றது. ஈரப் புல்லில் வெறுங்கால் வழுக்கினால் இடுப்பிலிருந்து தொடங்கும் ஒழுங்கு முழுவதும் கலைந்துவிடும். மற்றவனின் சப்பாத்து மிதித்தால் விரல் நொறுங்கும். வலிக்கும் என்று தெரிந்த கால், தனக்கே தெரியாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கால்ஸ்டன் ஆட்டத்தில் ஒரு சம்பவம் நடந்தது. தண்டனை உதை ஒன்றை அடிக்கும்படி சலீமிடம் சொன்னார்கள். கூச்சமாக இருக்கிறது என்று அவர் மறுத்துவிட்டார். உதைகளில் மிகவும் எளிமையானது தண்டனை உதை. பந்து அசையாது, எதிராளி தடுக்கமாட்டான், தூரம் 12 யார். ஆனால் அதை உதைப்பவனை எல்லோரும் பார்ப்பார்கள். 32 வயது மனிதர், அந்நிய தேசத்தில், ஆயிரக்கணக்கான கண்கள் தன் வெறுங்காலின் மேல் பதிந்திருக்க, அந்த இடத்துக்குப் போய்த் தனியே நிற்க விரும்பவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். மாயவித்தைக்காரனுக்குக் கூச்சம் இருக்காது.

சில மாதங்களுக்குள் அவருக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. கழகம் அவரை வைத்துக்கொள்ள விரும்பியது. ஓர் ஆட்டத்தை நடத்தி வருமானத்தில் 5 வீதத்தை அவருக்குத் தருவதாகச் சொன்னது. அந்தப் பணத்தை, ஆட்டம் பார்க்க வரவிருந்த அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடும்படி சலீம் சொல்லிவிட்டார் என்பது அவரைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. கல்கத்தா திரும்பி மீண்டும் மொஹமடன் ஸ்போர்டிங்கின் சீருடையை அணிந்தார்.

அவருக்குப் பிறகு வெறுங்காலின் கதை நெடுநாள் நீடிக்கவில்லை. 1948 ஜூலை 31 அன்று இலண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணி பிரான்ஸை எதிர்கொண்டது. பெரும்பாலானோர் வெறுங்காலோடு அல்லது துணிக்கட்டோடு ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் இந்தியாவின் கோலை அடித்தார். கிடைத்த இரண்டு தண்டனை உதைகளும் வீணாயின. இந்தியா 1-2 எனத் தோற்றது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், குளிரில், யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றபோது விவாதம் முடிந்தது. அதன்பின் இந்தியாவில் சப்பாத்து கட்டாயமானது. அடுத்த ஒலிம்பிக்கில், 1956இல் மெல்பேர்னில், சப்பாத்தணிந்த இந்திய அணி நான்காம் இடத்துக்கு வந்தது. சப்பாத்து ஆடம்பரம் என்று இனி யாராவது சொன்னால் இந்த 4 வருடக் கணக்கைக் காட்டினால் போதும்.

சலீம் நீண்ட காலம் வாழ்ந்தார். முதுமையில் அவர் நோயுற்றிருந்தபோது, சிகிச்சைக்குப் பணம் தேவைப்படுகிறது என்று அவருடைய மகன் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பணம் வாங்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. இரண்டே ஆட்டங்கள் ஆடிய தன் தந்தையை அந்தக் கழகம் நினைவில் வைத்திருக்கிறதா என்று அறியவே எழுதினார். பதிலுடன் 100 பவுணுக்கான வங்கிக் காசோலை வந்தது. அந்தக் குடும்பம் அதை மாற்றவில்லை. நினைவாக வைத்துக்கொண்டது. 1980இல் சலீம் காலமானார்.

இந்தக் கதையைக் கேட்டு முடித்ததும் அந்த மாணவி கேட்டது ஒன்றுதான். அவருக்குச் சப்பாத்து வாங்க வழி இருந்ததா என்று. இருந்தது என்றேன். அப்படியானால் அவர் வேண்டாம் என்றவர், நாங்கள் இல்லாதவர்கள், இரண்டும் ஒன்றல்லவே சேர் என்றாள்.

நான் 20 வருடங்களாகத் தேடிய பதில் அது. சலீமின் வெறுங்கால் அவர் தேர்ந்துகொண்டது. என் பிள்ளைகளின் வெறுங்கால் ஒரு நாட் சம்பளத்தின் அளவு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை அழகுபடுத்த எனக்கு உரிமையில்லை. ஆனால் சப்பாத்து வரும்வரை பிள்ளைகளைக் கோட்டுக்கு வெளியே உட்கார வைக்கவும் முடியாது. ஒழுங்கு உடம்புக்குள் போகவேண்டிய வயது காத்திருக்காது.

ஆகவே இப்போது இரண்டு வேலைகளும் நடக்கின்றன. பழைய மாணவர்கள் கொழும்பிலிருந்து அனுப்பும் சப்பாத்துகளை அளவு பார்த்து அடுக்குகிறேன். இதுவரை 7 சோடி சேர்ந்திருக்கிறது. காலையில் பனிக்குள் நின்று, ஊன்றும் காலைப் பக்கத்தில் வை, கையை விரி, இடுப்பைத் திருப்பு, கணுக்காலை விறைப்பாக்கு என்று கத்துகிறேன். அந்த மாணவி சாய்வாக ஓடிவருகிறாள். கடைசி எட்டு நீளமாக விழுகிறது. பந்து பனிக்குள் போய் மறைகிறது. எங்கே போனதென்று தெரியவில்லை. சற்றுப் பொறுத்து, அந்தப் பக்கம் கம்பத்தில் கட்டியிருக்கும் பழைய வலை அதிரும் சத்தம் கேட்கிறது.